ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை: முதலில் இலக்கம், பிறகு கட்டில்

கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரவு முழுக்க வெயர்ஹவுசில் பெட்டி தூக்கி, விடியற்புறம் பஸ் தரிப்பில் பனிக்குள் நின்று வாங்கிய நோ. ஊரில் என்றால் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்குவார். அதற்கும் சரிவராவிட்டால் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் போய் உருவுவித்துக்கொண்டு வருவோம். இங்கே என்னோடு வேலை செய்த அண்ணர் ஒருவர், "தம்பி, உனக்கு பெனிஃபிட் இருக்குத்தானே, மசாஜ் எடு, அவங்கள் காசு தருவாங்கள்" என்றார். பெனிஃபிட் என்பது வேலைத்தலத்தில் கிடைக்கும் குழுக் காப்புறுதி. அடுத்த நாளே, பஸ் போகும் வழியில் 'மசாஜ்' என்று பலகை எரிந்த ஒரு கடைக்குள் நுழைந்தேன். 70 டொலர் காசாகக் கொடுத்தேன். இடுப்பு கொஞ்சம் இளகியது உண்மை. கேட்டபோது துண்டும் (பற்றுச்சீட்டு) எழுதித் தந்தார்கள். அதை அனுப்பினால் காப்புறுதி நிறுவனம் ஒரே வரியில் திருப்பிவிட்டது: சிகிச்சை செய்தவரின் பதிவிலக்கம் இல்லை.

அண்ணர் சொன்னதில் பிழை இல்லை. நான்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தேன். முதலில் போய்ப் படுத்துவிட்டு, பிறகு காசைப் பற்றி யோசித்து, கடைசியில்தான் அவர் யார் என்று பார்த்தேன். ரொறொன்ரோவுக்கோ ஒன்ராறியோவின் வேறு ஊர்களுக்கோ புதிதாக வந்தவர்களுக்காக, சரியான ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

பலகையில் உள்ள சொல்லும் சட்டத்தில் உள்ள சொல்லும்

ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை, தாதி, பல்வைத்தியம் போலச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு சுகாதாரத் தொழில். 1991ஆம் ஆண்டின் மசாஜ் சிகிச்சைச் சட்டத்தின்படி 'மசாஜ் தெரப்பிஸ்ட்', 'ரெஜிஸ்ரேர்ட் மசாஜ் தெரப்பிஸ்ட்' என்ற பட்டங்களைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் சுருக்கமாக ஆர்.எம்.ரி. என்பார்கள். பதிவை வைத்திருப்பது ஒன்ராறியோ மசாஜ் சிகிச்சையாளர் கொலிஜ். கொலிஜ் என்றதும் படிப்பிக்கும் இடம் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே கொலிஜ் என்பது தொழிலைக் கண்காணித்து, புகார் விசாரித்து, தேவையென்றால் பதிவைப் பறிக்கும் அமைப்பு. படிப்பு வேறு இடத்தில். இரண்டு வருடமளவில் உடற்கூற்றியலும் செய்முறையும் படித்து, பரீட்சையில் தேறிய பிறகுதான் இந்தப் பதிவு கிடைக்கும்.

பட்டத்துக்குத்தான் காவல். 'மசாஜ்' என்ற வெறும் சொல்லுக்கு இல்லை. 'ரிலாக்சேஷன் மசாஜ்', 'ஹோலிஸ்ரிக்', 'பொடி வேர்க்', 'ரெஃப்ளெக்சோலொஜி' என்று பலகை போட்டிருப்பவர் ஆர்.எம்.ரி. ஆக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரொறொன்ரோ நகரசபை ஹோலிஸ்ரிக் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அது வியாபாரம் நடத்துவதற்கான அனுமதி, சுகாதாரத் தொழிலின் பதிவு அல்ல. கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். என்னைக் கவிழ்த்ததும் சுவரில் தொங்கிய ஒரு முத்திரைதான்.

அந்த இடங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கூடாதவர்கள் என்று சொல்லவரவில்லை. கால் அமத்திவிட்டால் சுகமாக இருக்கும் என்று, சொந்தக் காசில் போகிறவர் தாராளமாகப் போகலாம். ஆனால் காப்புறுதியில் காசு திரும்ப வேண்டும், பிழை நடந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றால் ஆர்.எம்.ரி. மட்டுமே.

கல்கரி, எட்மன்ரன், மொன்றியல் பக்கம் குடிபோகிறவர்களுக்கு ஒரு சொல். ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லண்ட் - லாப்ரடோர், பிரின்ஸ் எட்வேர்ட் தீவு ஆகிய ஐந்து மாகாணங்களில்தான் இப்படிச் சட்டப்படியான கொலிஜ் உண்டு. அல்பேர்ட்டாவிலும் கியூபெக்கிலும் சிகிச்சையாளர்கள் தனியார் சங்கங்களில் அங்கத்தவராக இருப்பார்கள். எந்தச் சங்கத்தின் துண்டை ஏற்பீர்கள் என்று காப்புறுதி நிறுவனத்திடமே கேட்க வேண்டும்.

முதல் வேலை: உங்கள் பெனிஃபிட் புத்தகத்தைத் திறப்பது

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் மசாஜுக்கு ஒரு சதமும் தராது. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்தாலும் தராது. காசு வரும் வழி, நீங்களோ உங்கள் துணையோ வேலைத்தலத்தில் பெற்றிருக்கும் குழுக் காப்புறுதி. புது வேலை என்றால் பெரும்பாலும் மூன்று மாதம் கழித்துத்தான் அது தொடங்கும். சன் லைஃப், மனுலைஃப், கனடா லைஃப் என்று நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறுவனத்தின் அட்டை வைத்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான திட்டம் இருக்கும், ஏனெனில் எவ்வளவு என்று தீர்மானிப்பது உங்கள் முதலாளி வாங்கிய திட்டம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழுக் காசும் வந்தது என்பது உங்களுக்கு உதவாது.

அட்டையின் பின்னால் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துக் கேளுங்கள். வருடத்துக்கு எவ்வளவு? அது மசாஜுக்கு மட்டுமா, பிசியோவையும் கைரோபிரக்டரையும் (முள்ளந்தண்டுச் சிகிச்சை செய்பவர்) சேர்த்து ஒரே தொகையா? நூற்றுக்கு எத்தனை வீதம் திரும்பும்? ஒரு மணித்தியாலத்துக்கு நீங்கள் ஏற்றுக்கொள்ளும் கூடிய கட்டணம் என்ன? வைத்தியரின் கடிதம் வேண்டுமா? வருடக் கணக்கு தை மாதத்தில் தொடங்குகிறதா, வேறு திகதியிலா?

வைத்தியரின் கடிதத்தைப் பற்றிய கேள்வியைத் தவறவிடாதீர்கள். ஆர்.எம்.ரி.யிடம் போகச் சட்டப்படி யாருடைய கடிதமும் தேவையில்லை, ஆனால் சில திட்டங்கள் அது இல்லாமல் காசு தரமாட்டா. அதுவும் சிகிச்சைக்கு முந்திய திகதியில் இருக்க வேண்டும் என்பார்கள். போய்வந்த பிறகு வைத்தியரிடம் கெஞ்சிப் பயனில்லை.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ரொறொன்ரோப் பகுதியில் 60 நிமிடச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 100 முதல் 140 டொலர் வரை கேட்பார்கள். 110 என்று வைப்போம். மசாஜுக்கு எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி உண்டு, 13 வீதம். (பிசியோவுக்கும் கைரோவுக்கும் இந்த வரி இல்லை. ஏன் மசாஜுக்கு மட்டும் என்று கேட்டால் எனக்கும் கோபம்தான் வரும்.) ஆக 124 டொலர் 30 சதம். உங்கள் திட்டம் 80 வீதம், வருடத்துக்கு 500 டொலர் என்றால் ஒரு தடவைக்கு 99.44 திரும்பும், 24.86 உங்கள் கையால் போகும். ஐந்து தடவையோடு 500 முடிந்துவிடும். இதற்கிடையில் 'ஒரு மணித்தியாலத்துக்கு 100 டொலர்தான் நியாயமான கட்டணம்' என்று திட்டத்தில் இருந்தால் உங்கள் பங்கு இன்னும் கூடும். ஐந்து தடவை என்று தெரிந்தால், கிழமைக்கு ஒன்றாக எடுத்து மாசியிலேயே முடிப்பதா, மாதம் விட்டு மாதம் எடுப்பதா என்று முதலே யோசிக்கலாம். நோ கடுமையாக இல்லையென்றால் 30 அல்லது 45 நிமிடமும் எடுக்கலாம். எல்லோரும் ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

கணவன் மனைவி இருவருக்கும் வேலையில் காப்புறுதி இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் சிகிச்சைக்கு முதலில் உங்கள் திட்டம், மிச்சத்துக்குத் துணையின் திட்டம். பிள்ளைகளுக்கு, இருவரில் யாருடைய பிறந்தநாள் ஆண்டில் முந்தி வருகிறதோ அவருடைய திட்டம் முதலில். யார் வயதில் மூத்தவர் என்பதல்ல, மாதமும் திகதியும்தான் கணக்கு.

தேடுவதும் சரிபார்ப்பதும்

தெரிந்தவர்களிடம் கேளுங்கள், குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள், பிசியோ கிளினிக்குகளில் கேளுங்கள். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் தமிழ் கதைக்கும் ஆர்.எம்.ரி. கிடைப்பதும் கடினமில்லை. பெண் சிகிச்சையாளர் வேண்டும், ஆண் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கலாம். தினமும் கேட்கப்படும் கேள்விதான், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பெயர் கிடைத்ததும் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலைக்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். கொலிஜின் இணையத்தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதலில் அவருடைய பதிவு நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இனாக்ரிவ் என்று இருந்தால் அவர் இப்போது சிகிச்சை செய்யக்கூடாதவர். அடுத்து, அவர் வேலை செய்யும் இடமாகப் பதிவேட்டில் உள்ளதும் நீங்கள் போகப்போகும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். கடைசியாக, ஒழுக்காற்று நடவடிக்கை, நிபந்தனை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், "எழுத்துப்பிழையாக இருக்கும்" என்று நீங்களாகவே சமாதானம் சொல்லாமல் கிளினிக்கை அழைத்து இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையான ஆர்.எம்.ரி. இலக்கத்தைச் சொல்லத் தயங்கமாட்டார். "துண்டில் போட்டுத் தருவோம், முதலில் வாருங்கள்" என்றால் போகவே வேண்டாம். அங்கே துண்டில் ஏறுவது உங்களைத் தொட்டவரின் இலக்கமாக இல்லாமல் வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

நேரம் பதியும்போது இன்னும் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு, காப்புறுதிக்கு நேரடியாக அனுப்புவீர்களா, வர முடியாமல் போனால் எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலம் என்பதுதான் வழக்கம். சொல்லாமல் வராமல் விட்டால் முழுக் கட்டணமும் கேட்பார்கள், அதைக் காப்புறுதி தராது. ஓவர்டைம் எப்போது வரும் என்று தெரியாத வேலை செய்பவர்கள் ஓய்வு நாளில் மட்டும் பதிவது நல்லது.

அறைக்குள்

நம்மவர்கள் பலரைத் தடுப்பது காசு அல்ல, இந்த அறைதான். குறிப்பாக அம்மாமார். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் ஒரு படிவம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தை இளக்கும் மருந்து, சத்திரசிகிச்சை, கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். மசாஜுக்கு இதெல்லாம் எதற்கு என்று வெறுமையாக விடாதீர்கள். இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவரை அழுத்திப் பிசைந்தால் கண்டல் வரும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அழுத்தம் கூடியது தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோகிறது என்றால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கு மசாஜ் ஆகாது, உடனே வைத்தியசாலை. முதுகு நோவோடு கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அப்படியே.

பிறகு எங்கே நோகிறது, எங்கே தொடப்போகிறேன், ஏன் என்று சிகிச்சையாளர் விளக்கி உங்கள் சம்மதத்தைக் கேட்பார். உடுப்பு மாற்ற அவர் வெளியே போய்விடுவார். எவ்வளவு கழற்றுவது என்பது உங்கள் விருப்பம். ரீ சேர்ட்டோடு படுத்தாலும் சிகிச்சை செய்யலாம், எண்ணெய் பூச முடியாது, அவ்வளவுதான். படுத்ததும் உடம்பு முழுவதும் துணியால் மூடியிருக்கும், வேலை செய்யும் பகுதியை மட்டும் திறப்பார். நெஞ்சுப் பகுதி, மார்பகம், பிருஷ்டம், உள் தொடை ஆகிய இடங்களில் சிகிச்சை தேவையென்றால் எழுத்தில் தனிச் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து வைத்த பிறகும், சிகிச்சை நடுவிலும் நிறுத்தச் சொல்லலாம். தனியே போகப் பயமென்றால் கூட ஒருவரை அறைக்குள் வைத்திருக்கலாமா என்று முதலே கேளுங்கள்.

நோவைப் பற்றி: பரியாரியாரிடம் பல்லைக் கடித்துப் பழகிய நமக்கு, நொந்தால்தான் வேலை செய்கிறது என்று ஓர் எண்ணம். என் முதல் ஆர்.எம்.ரி. "பத்துக்கு எத்தனை?" என்று கேட்க, நான் வீரமாக "பரவாயில்லை" என்றேன். அடுத்த நாள் கையைத் தூக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 'சோஃப்ற்றர் பிளீஸ்' போதும்.

காசு கொடுக்கும்போது

நேரடியாகக் காப்புறுதிக்கு அனுப்பும் கிளினிக் என்றால் உங்கள் பங்கை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் காப்புறுதி பிறகு மறுத்தால் மிச்சமும் உங்கள் தலையில்தான். மற்ற இடங்களில் முழுவதையும் கொடுத்து, துண்டைப் படமெடுத்து காப்புறுதி நிறுவனத்தின் செயலியில் நீங்களே அனுப்ப வேண்டும். வெளியே வருமுன் துண்டைப் படியுங்கள். உங்கள் பெயர், திகதி, எத்தனை நிமிடம், கொடுத்த தொகை, சிகிச்சையாளரின் முழுப்பெயர், பதிவிலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். வரி போடாத ஆர்.எம்.ரி.யைக் கண்டால் சந்தேகப்பட வேண்டாம், வருடத்துக்கு 30,000 டொலருக்குள் வருமானம் உள்ள சிறு தொழில் என்றால் எச்.எஸ்.ரி. அறவிட வேண்டியதில்லை.

அட்டை இயந்திரம் 18 வீதம், 20 வீதம் என்று ரிப் (கட்டணத்துக்கு மேல் கொடுக்கும் அன்பளிப்புக் காசு) கேட்கும். கிளினிக்கில் ஆர்.எம்.ரி.க்கு ரிப் கொடுக்கும் வழக்கம் இல்லை, பல்வைத்தியருக்குக் கொடுக்கிறோமா? ஸ்பாவில் எதிர்பார்ப்பார்கள், கொடுத்தாலும் அந்தத் தொகையைக் காப்புறுதி தராது. பத்துத் தடவைக்கு முன்காசு கட்டினால் கழிவு என்றால் நான் கட்டமாட்டேன். ஒருவரின் கை நமக்குச் சரிவருமா என்று இரண்டாம் மூன்றாம் தடவையில்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். "பெனிஃபிட் மிச்சமிருந்தால் கொண்டு வாருங்கள், மசாஜ் என்று எழுதி வேறு சாமான் தருகிறோம்", "மனைவியின் பெயரிலும் ஒரு துண்டு போடலாம்" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய காசுதானே என்று தோன்றும். அது மோசடி. ரொறொன்ரோப் போக்குவரத்துச் சபையான ரிரிசியில், ஒரு கடையின் பொய்த் துண்டுகள் தொடர்பான விசாரணையில் 200க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை நீக்கப்பட்டார்கள் அல்லது விலகிப் போனார்கள். அது மசாஜ் துண்டு அல்ல, காலுறை, மூட்டுப் பட்டி போன்றவற்றுக்கானது. ஆனால் வழி ஒன்றுதான். சில நூறு டொலருக்காக ஓய்வூதியத்தோடு கூடிய வேலை போய்விட்டது.

காப்புறுதி தராத மிச்சத்துக்கு வரிக் கணக்கில் இடமுண்டு. ஒன்ராறியோவில் ஆர்.எம்.ரி. கட்டணம் மருத்துவச் செலவாக ஏற்கப்படும், 33099 என்ற வரியில் வரும். ஆனால் மொத்த மருத்துவச் செலவு உங்கள் நிகர வருமானத்தின் 3 வீதத்தையோ, 2024ஆம் ஆண்டுக்கு 2,759 டொலரையோ, எது குறைவோ அதைத் தாண்டிய பகுதிக்குத்தான் சலுகை. குடும்பத்தின் பல்லு, கண்ணாடி, மருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், வருமானம் குறைந்தவரின் கணக்கில் போட்டால் பெரும்பாலும் இலாபம். துண்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் ரின் ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

பெனிஃபிட் இல்லாதவர்கள்

சில கல்லூரிகளில் மசாஜ் சிகிச்சை படிப்பிக்கிறார்கள். இப்படிப் படிப்பிக்கும் இடங்கள் மாணவர் கிளினிக் நடத்துவதுண்டு. பதிவு பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் செய்வார், கட்டணம் வெளியில் உள்ளதைவிட மிகக் குறைவு. நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், கேள்வியும் கூடக் கேட்பார்கள். மாணவருக்கு இன்னும் பதிவிலக்கம் இல்லாததால் அந்தத் துண்டைக் காப்புறுதிக்கு அனுப்ப முடியாது. காப்புறுதியே இல்லாதவர்களுக்கு அதனால் நட்டமில்லை.

கார் விபத்தில் வந்த நோ என்றால் வழி வேறு. வாகனக் காப்புறுதியின் விபத்துப் பலன்களில் மசாஜும் அடங்கும், சிறு காயங்களுக்கு எல்லாச் சிகிச்சையும் சேர்த்து 3,500 டொலர் எல்லை. உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு ஏழு நாளுக்குள் அறிவித்து, திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு தொடங்குங்கள். வேலையில் பட்ட காயமென்றால் முதலாளியிடம் சொல்லி, வேலைத்தலக் காயங்களுக்கான காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் முறைப்பாட்டு இலக்கம் பெற்று, அவர்களின் அனுமதியோடுதான் சிகிச்சை. "பெனிஃபிட்டில் பார்த்துக்கொள்" என்று மேற்பார்வையாளர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிழையாக ஏதும் நடந்தால்

கட்டணத் தகராறை முதலில் கிளினிக்கோடு கதைத்துப் பாருங்கள். தொடக்கூடாத இடத்தில் தொட்டது, பாலியல் பேச்சு, துணியை விலக்கியது போன்றவற்றுக்குக் கதைக்கத் தேவையில்லை. எழும்பி வெளியே வாருங்கள். சிகிச்சையாளருக்கும் அவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் இடையில் நடக்கும் எந்தப் பாலியல் நடத்தையும், சம்மதம் இருந்தாலும்கூட, ஒன்ராறியோச் சட்டப்படி துஷ்பிரயோகம்தான். பொலிசுக்குப் போகலாம், கொலிஜுக்கும் எழுதலாம், இரண்டையும் செய்யலாம். கொலிஜில் புகார் கொடுக்கக் காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. யார், எந்தத் திகதி, என்ன நடந்தது என்று எழுதினால் போதும். பெயர் நினைவில்லையென்றால் துண்டை எடுத்துப் பாருங்கள், இலக்கம் அதில் இருக்கும்.